லிஃப்ட் காட்சியில் எத்தனை பேர் சிரித்தார்கள்

தியேட்டரில் எல்லோரும் திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். கருத்தக்கா ஒருத்தி மட்டும் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். முதல் வரிசைக்கும் முன்னால், சுவரோரமாக, ஒரு மடக்கு நாற்காலி. மடியில் அட்டை, அட்டையில் க்ளிப் போட்ட தாள்கள், கையில் பென்சில், பென்சிலோடு சேர்த்துக் கட்டிய குட்டி டார்ச். ஒவ்வொரு தாளிலும் அரங்கத்தின் இருக்கைகள் கட்டம் கட்டமாக அச்சடித்திருக்கும். படத்தில் முக்கியமான பத்துப் பன்னிரண்டு காட்சிகளைப் படக் கம்பெனியே குறித்துக் கொடுத்துவிடும். அந்தக் காட்சி வரும்போது யார் யார் சிரிக்கிறார்கள் என்று பார்த்து அந்தந்தக் கட்டத்தில் ஒரு டிக் போட வேண்டும். போனை நோண்டுகிறவனுக்கு ஒரு பெருக்கல் குறி. தூங்குகிறவனுக்கு ஒரு வட்டம். படம் விட்டதும் வாசலில் நின்று ஆளுக்கு ஒரு படிவம் நீட்டி, இருக்கை எண்ணோடு கருத்தை எழுதி வாங்க வேண்டும். அதனால்தான் கருத்தக்கா.

இப்படியும் ஒரு வேலையா என்று கேட்காதீர்கள். இருக்கிறது. ஒரு படத்தை எடுத்தவனுக்கே அது நல்ல படமா இல்லையா என்று தெரியாதபோது, முன்பின் தெரியாத இருநூறு பேரைக் கேட்டுத்தானே தெரிந்துகொள்ள வேண்டும்! முதலில் அவள் சோப்புத் தூளுக்கும் பல்பொடிக்கும் வீடு வீடாகக் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள். பத்தொன்பது வருஷத்துக்கு முன் அவள் வேலை பார்த்த சர்வே கம்பெனி சினிமா பக்கம் போனபோது, கூட இருந்தவர்கள் எல்லாம் ஓசியில் படம் பார்க்கலாம் என்று முந்தியடித்தார்கள். இவள் கேட்ட ஒரே கேள்வி, "திரையைப் பாக்காம இருக்கலாமா?" என்பதுதான். பார்க்கவே கூடாது என்றார்கள். உடனே கையெழுத்துப் போட்டாள்.

அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அரங்கத்தில் யாராவது ரொம்ப நேரம் அசையாமல் இருந்தால் அவளுக்குப் பொறுக்காது. குனிந்தபடியே படியேறிப் போய் அந்த ஆளின் தோளைத் தொட்டு உலுக்கிவிடுவாள். ஒரு முறை அப்படித் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் அலறியடித்து எழுந்து, கையிலிருந்த பாப்கார்னை முன்வரிசை முழுக்கக் கொட்டிவிட்டார். "படம் படு மோசம். நிம்மதியாகத் தூங்கலாம் என்றால் ஒரு அம்மா வந்து கன்னத்தைத் தட்டிப் பார்க்கிறார்" என்று படிவத்தில் எழுதிவிட்டுப் போனார். மேனேஜர் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "என்னக்கா, உயிரோட இருக்காங்களான்னு செக் பண்றீங்களா?" என்று கேட்டான். அவளும் சிரித்து வைத்தாள். அவன் விளையாட்டாகக் கேட்டது அப்படியே உண்மை என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சி. கருத்தக்காவும் அவள் வீட்டுக்காரரும் ஒரு ஹிந்திப் படத்துக்குப் போயிருந்தார்கள். எட்டு வயசு மகளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். அவர் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவர், முப்பத்தொன்பது வயசு. பேச்சு கம்மி. ஆனால் சிரித்தால் தெருவுக்கே கேட்கும். அது சிரிப்பும் கண்ணீரும் கலந்த குடும்பப் படம். வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒரு அப்பா, வீட்டுக்குச் சொல்லாமல் ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் இயக்குகிற வேலைக்குப் போவார். இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில், அந்த லிஃப்டிலேயே அவர் மகன் தன் முதலாளியோடு ஏறிவிடுவான். அப்பா தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு, சுவர் பக்கம் திரும்பி, குரலை மாற்றி, "எந்த மாடி சார்?" என்பார். மகன் அவர் முகத்தைப் பார்க்காமலே இறங்கும்போது கையில் சில்லறையை வைத்துவிட்டுப் போவான். அப்பா சலாம் போடுவார்.

அந்தக் காட்சியில் பக்கத்து இருக்கை ஆடியது. திரும்பிப் பார்த்தால் இவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருக்கிறார். தோள் அப்படித் தூக்கித் தூக்கிப் போடுகிறது. படத்தில் பின்னணி இசை வேறு டமடமவென்று அடித்துக்கொண்டிருந்தது. பின் வரிசைக்காரர்கள் எட்டிப் பார்க்கிறார்கள் என்று அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. அவர் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளி, "மெதுவா சிரிங்க, மானம் போகுது" என்றாள். அவர் அடங்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவள் தோளில் சாய்ந்துகொண்டார். அவளும் படத்தில் மூழ்கிப்போனாள். கடைசிக் காட்சியில் குடும்பம் ஒன்றுசேர்ந்தபோது கைகூடத் தட்டினாள். விளக்கு எரிந்ததும், "எழுந்திருங்க, போகலாம்" என்று தோளைக் குலுக்கினாள். அவர் எழுந்திருக்கவில்லை.

இதயம் நின்றுபோய் ஒரு மணி நேரமாவது இருக்கும் என்றார் டாக்டர். வீட்டுக்காரரின் கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது. சாவுக்கு வந்தவர்களிடம் அவள் ஒன்றையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாருங்க. சிரிச்சுக்கிட்டேதான் போனாரு." கேட்டவர்கள் எல்லாம், கொடுத்து வைத்த சாவு என்றார்கள். அவளும் தலையை ஆட்டினாள்.

ஊருக்குச் சொன்னது அது. உள்ளுக்குள் குடைந்தது வேறு. அது சிரிப்புதானா? நெஞ்சு வலியில் துடித்தவரைத்தான் மெதுவாகச் சிரிங்க என்று கிள்ளினேனா? பல் விளக்கும்போது வரும் இந்தக் கேள்வி. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வரும். மகள் கல்யாணத்தன்று, எல்லோரும் போட்டோவுக்கு நிற்கும்போது வந்தது. இருபத்திரண்டு வருஷம் கூடவே குடியிருந்தது, ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

அந்தப் பழைய படத்தை எடுத்துப் பார்த்தால் தீர்ந்தது என்பீர்கள். ஒரு முறை மகளின் லேப்டாப்பில் போட்டாள். எழுத்துப் போடும்போதே மூடிவிட்டாள். அது போக, அவளுக்குத் தொழில் தெரியும். தனியாக உட்கார்ந்து பார்த்தால் எந்தக் காட்சி சிரிப்புக் காட்சி, எது இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கு ஜனம் வேண்டும், இருட்டு வேண்டும், டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தக் காட்சிக்கு அரங்கம் சிரித்தால் அவரும் சிரித்திருப்பார். அரங்கம் சும்மா இருந்தால் அவருக்கு வலித்திருக்கிறது. அவள் கணக்கு இதுதான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வழியில்லாமல்தான் இத்தனை வருஷம் ஓடியது.

அப்போதுதான் பாலிவுட்காரர்கள் அதே படத்தைத் திரும்ப எடுத்துத் தொலைத்தார்கள். அவர்களுக்கென்ன, அரைத்த மாவையே அரைப்பார்கள். புது ஹீரோ, புதுப் பாட்டு, அதே கதை. ரிலீசுக்கு முன்னால் மூன்று நாள், மத்தியானக் காட்சி மட்டும், கருத்துக் கேட்பதற்காகவே போட்டுக் காட்டுவது என்று ஏற்பாடு. மேனேஜர் காட்சிப் பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தான்.

"அக்கா, இந்தத் தடவை படக் கம்பெனி ரொம்ப எதிர்பார்க்குது. பழைய படம் பாத்தவங்களும் வருவாங்க, புதுப் பசங்களும் வருவாங்க. சிரிப்பு எங்கெங்க விழுதுன்னு கரெக்டா வேணுமாம்."

ஏழாவதாக 'லிஃப்ட்' என்று போட்டிருந்தது.

"என்னக்கா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"ஒண்ணுமில்ல தம்பி, வெயில்ல வந்தேன்" என்றாள்.

வேலையில் பத்தொன்பது வருஷம் ஒரு தப்பு செய்யாதவள் அன்று ஒரு காரியம் செய்தாள். படிவத்தை அச்சுக்கு அனுப்பும்போது கடைசியில் ஒரு கேள்வியைத் தானாகச் சேர்த்தாள். 'லிஃப்ட் காட்சியில் நீங்கள் சிரித்தீர்களா? ஆம், இல்லை.' யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

முதல் நாள். அரங்கம் நிரம்பிவிட்டது. ஹிந்திப் படம் என்றால் ஒரு வேடிக்கை உண்டு. கீழே ஓடும் எழுத்தைப் படிக்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், பாஷை தெரிந்தவர்கள் வசனத்தைக் கேட்டுவிட்டு அப்புறம் சிரிப்பார்கள். ஒரே நகைச்சுவைக்கு இரண்டு சிரிப்பு விழும். கருத்தக்கா அதைக் கேட்டே பாதிக் கட்டங்களை நிரப்பிவிடுவாள். ஆனால் லிஃப்ட் காட்சியில் வசனம் கிடையாது, அந்த ஒரு 'எந்த மாடி சார்' தவிர. புதுப் படத்தில் அதற்கும் மேல் ஒரு பாட்டை ஏற்றி, காது கிழிய வைத்திருந்தார்கள். இடைவேளை முடிந்ததும் அவள் ஏழாம் தாளை மேலே எடுத்து வைத்துக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் லிஃப்டின் மணி அடித்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரிசை வரிசையாகப் பார்த்தாள்.

ஐந்தாம் வரிசையில் ஒரு தோள் குலுங்கியது. எட்டாம் வரிசையில் இரண்டு பேர். அதற்குப் பின்னால் ஒரு ஆள் கையால் வாயை மூடிக்கொண்டான். அப்புறம் இங்கே ஒன்று, அங்கே ஒன்று. சிரிக்கிறார்கள்! கடவுளே, சிரிக்கிறார்கள்! பென்சில் முனை உடைந்துவிடும் போல அழுத்தி அழுத்தி டிக் போட்டாள். நாற்பத்தி மூன்று டிக். பாட்டுச் சத்தத்தில் சிரிப்பொலி மட்டும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் போகிறது, கண்ணால் பார்த்துவிட்டாளே.

வாசலில் படிவம் வாங்கும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். ஜனங்களின் கருத்தைக் கேட்கவா வேண்டும், அது பாட்டுக்குக் கொட்டியது. "பழசு பழசுதான், இவனுங்களுக்கு என்ன தெரியும்?" என்றார் ஒரு பெரியவர். "புதுசுதான் சூப்பர், பழைய படம் ரொம்ப இழுவை" என்றாள் ஒரு காலேஜ் பெண். "ஹீரோ அப்பாவா நடிச்சவரைத் தவிர எல்லாரையும் மாத்திடுங்க" என்று ஒருத்தர் ஆலோசனை சொன்னார். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் படிவத்தில் என்ன எழுதுவதென்று அங்கேயே சண்டை போட்டு, ஆளுக்கொரு படிவம் வாங்கிக்கொண்டு போனார்கள். கருத்தக்கா எல்லோருக்கும் நன்றி சொன்னாள். சொன்னதற்கும் சொல்லாததற்கும் சேர்த்து நன்றி சொன்னாள். வீட்டுக்குப் போய் மகளுக்குப் போன் செய்து ஒரு காரணமும் இல்லாமல் அரை மணி நேரம் பேசினாள்.

"என்னம்மா, இன்னைக்கு ரொம்ப குஷியா இருக்க?" என்று மகள் கேட்டாள்.

"அப்பா நல்லா சிரிச்சாருடி" என்று சொல்ல வந்தவள், "படம் நல்லா போகுது" என்றாள்.

இரண்டாம் நாள் காலையில்தான் வினை வந்தது. ஆபீஸ் அறையில் உட்கார்ந்து, முதல் நாள் தாளையும் படிவங்களையும் இருக்கை எண் பார்த்துப் பொருத்த வேண்டும். அவள் டிக் போட்ட இருக்கைக்காரர் படிவத்திலும் சிரித்தேன் என்று எழுதியிருக்க வேண்டும். வழக்கமான படிவத்தில் படம் முழுக்கச் சேர்த்துச் சிரித்தீர்களா என்று ஒரு கேள்விதான் இருக்கும்; நூற்றுக்குத் தொண்ணூறு பொருந்தும், அதில் அவளுக்குப் பெருமை உண்டு. ஏழாம் தாளை எடுத்தாள். ஐந்தாம் வரிசை, டிக். படிவத்தில் 'இல்லை'. எட்டாம் வரிசை இரண்டு டிக். இரண்டும் 'இல்லை'. அடுத்ததும் 'இல்லை'. நாற்பத்தி மூன்று டிக்கில் முப்பத்தெட்டுப் பேர் இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

அவள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். தாளைத் தலைகீழாக வைத்துவிட்டோமோ என்று திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் மாறவில்லை. அத்தனை பேரும் சேர்ந்து பொய் சொல்வார்களா? எதற்குச் சொல்ல வேண்டும்? நேற்று பூராவும் இருந்த சந்தோஷம் எல்லாம் எங்கோ போய்விட்டது. வலியில் குலுங்குகிற மாதிரி முப்பத்தெட்டுப் பேர் ஒரே அரங்கத்தில் குலுங்கவும் மாட்டார்கள். அப்படியானால் அது என்ன? அவளுக்குப் புரியவில்லை.

அன்று மத்தியானக் காட்சியில் அவள் ஒரே ஒரு ஆளைக் குறி வைத்துக்கொண்டாள். ஏழாம் வரிசை, நடைபாதையோரம், பெரிய மீசை வைத்த ஒரு கனத்த மனிதர். முதல் பாதி முழுக்க வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் காட்சி வந்தது. அவர் தோள் ஆடியது. மீசையோடு சேர்த்து வாயைக் கையால் பொத்திக்கொண்டார். தோள் தூக்கித் தூக்கிப் போட்டது. கருத்தக்கா டிக் போடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த இருட்டில், அவ்வளவு தூரத்தில், முதல் பாதியில் ஆடிய தோளுக்கும் இந்தத் தோளுக்கும் அவளால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. பத்தொன்பது வருஷ அனுபவம் ஒன்றும் உதவவில்லை.

வாசலில் அவரைப் பிடித்தாள். அவர் படிவத்தை நின்றபடியே கிறுக்கி நீட்டினார். லிஃப்ட் கேள்விக்கு எதிரே 'இல்லை' என்றிருந்தது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. லிஃப்ட் சீன்ல நீங்க குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சீங்க. நான் எதிர்ல உக்காந்து பாத்தேன். இங்க இல்லைன்னு போட்டிருக்கீங்களே?"

மீசைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் வந்துவிட்டது போலிருந்தது. அப்புறம் பக்கத்தில் யாராவது கேட்கிறார்களா என்று சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார்.

"யாரும்மா சிரிச்சா?" என்றார் சின்னக் குரலில். "அப்பனை அந்த நெலமையில பாத்துட்டு எவனாவது சிரிப்பானா?"

"பின்னே?"

"பின்னே என்ன பின்னே? எல்லாத்தையும் வாயைத் தொறந்து சொல்லணுமா? ஆம்பளை அழுதா டிக் போடறதுக்கு உங்க பேப்பர்ல எங்கம்மா கட்டம் இருக்கு?"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார். கண் சிவந்திருந்ததை அவள் பார்த்தாள்.

அவள் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். அவர் கேட்டது சரிதானே! பத்தொன்பது வருஷமாக அவள் கையிலிருந்த தாளில் சிரிப்பு உண்டு, தூக்கம் உண்டு, போன் உண்டு. அழுகைக்கு ஒரு குறி கிடையாது. அழுகிறவர்கள் எல்லோரையும் சிரிக்கிறவர்களாகவே எண்ணி, அதைப் பொறுப்பாகப் பெட்டி போட்டுப் படக் கம்பெனிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். அவர்களும் இந்த இடத்தில் நல்ல சிரிப்பு என்று நம்பி அடுத்த படத்தை எடுத்திருப்பார்கள். அந்தப் பாவத்தை விடுங்கள். ஒருவேளை இது சிரிப்பு, இல்லாவிட்டால் இது வலி என்று இருபத்திரண்டு வருஷம் ராட்டினம் சுற்றியவளுக்கு, மூன்றாவதாக ஒன்று இருக்கும் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லையே!

அவர் அழுதிருக்கிறார். கன்னத்து ஈரம் அழுத ஈரம். ஆனால் எதற்கு? மாமனார் அவள் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தவர். ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தார் என்று சொல்லித்தான் பெண் கேட்டு வந்தார்கள். வீட்டில் மாட்டியிருந்த போட்டோவில் கோட்டுப் போட்டுக்கொண்டு கம்பீரமாக இருப்பார். அந்த அப்பாவை நினைத்து இவர் ஏன் அப்படி அழ வேண்டும்?

கேட்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் பாக்கி. அவருடைய தங்கை. கருத்தக்காவின் நாத்தனார். நல்லது கெட்டதுக்குப் பேசிக்கொள்வார்கள், அதற்கு மேல் ஒட்டும் இல்லை உரசலும் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம், காட்சிக்கு முக்கால் மணி நேரம் முன்னால், தியேட்டர் முகப்பில் பாப்கார்ன் மெஷினுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு கருத்தக்கா அவளுக்குப் போன் போட்டாள்.

"என்ன அண்ணி, இந்த நேரத்துல? எல்லாரும் நல்லா இருக்கீங்கதானே?"

"நல்லா இருக்கோம்மா. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லணும்."

"கேளுங்க."

"மாமா என்ன வேலை பாத்தாரு?"

லைன் போய்விட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். போகவில்லை.

"இப்ப எதுக்கு அண்ணி அது?"

"சொல்லும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

நாத்தனார் பெருமூச்சு விட்டாள். "பெரிய ஹோட்டல் ஒண்ணோட வாசல்ல நின்னாரு. கார் வந்து நின்னா கதவைத் தொறந்துவிடற வேலை. போட்டோல போட்டிருக்காரே ஒரு கோட்டு, அது ஹோட்டல்காரங்க குடுத்த யூனிபார்ம். பட்டனை மட்டும் மாத்தித் தெச்சு அம்மா போட்டோ எடுக்க வெச்சாங்க."

அந்தப் போட்டோவின் கண்ணாடியைக் கருத்தக்கா வாரா வாரம் துடைத்தவள்.

"எங்கப்பாவுக்கு அதுல வெக்கம் கிடையாது அண்ணி. அண்ணனுக்குத்தான் வெக்கம். காலேஜ்ல யார்கிட்டயும் சொல்ல மாட்டாரு. ஒரு நாள் பணக்காரப் பசங்க நாலு பேரோட கார்ல அந்த ஹோட்டலுக்குப் போயிட்டாரு. அப்பாவுக்கு லீவுன்னு நெனச்சுப் போனது, யாரோ வரலைன்னு அப்பாவைக் கூப்பிட்டுட்டாங்க. கார் நின்னதும் கதவைத் தொறந்தது அப்பா. அண்ணனைப் பாத்ததும் அவர்தான் முந்திக்கிட்டாரு. முன்னப்பின்னத் தெரியாதவர் மாதிரி, 'வாங்க சார்'னு குனிஞ்சாரு. அண்ணனும் இறங்கி உள்ள போயிட்டாரு. கூட வந்தவன் அப்பா கையில ஏதோ வெச்சான். அதையும் அண்ணன் பாத்துக்கிட்டுதான் போனாரு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. அதுதான் கொடுமை. வீட்டுக்கு வந்து அப்பா ஒரு வார்த்தை கேக்கல. எப்பவும்போல சாப்டியாடான்னு கேட்டாரு. அடுத்த வருஷம் செத்துப் போயிட்டாரு. அண்ணன் கடைசி வரைக்கும் அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கல."

பாப்கார்ன் மெஷின் படபடவென்று பொரித்துக்கொண்டிருந்தது. கருத்தக்கா ஒரு காதைக் கையால் மூடிக்கொண்டாள்.

"இதை ஏம்மா எனக்கு யாரும் சொல்லல? பொண்ணு பாக்க வந்தப்ப மறைச்சீங்க, சரி. அப்புறம் பத்து வருஷம் குடும்பம் நடத்தினேனே!"

"அண்ணன் சொல்றேன் சொல்றேன்னுதான் இருந்தாரு. வாயே வராது அவருக்கு. அந்தப் படம் வந்துச்சே, அதை அண்ணன் மொதல்ல தனியாப் போய்ப் பாத்தாரு அண்ணி. பாத்துட்டு நேரா என் வீட்டுக்கு வந்து கூடத்துல உக்காந்து அழுதாரு. இதே மாதிரி ஒரு சீன் இருக்கு, ஞாயித்துக்கிழமை அவளைக் கூட்டிக்கிட்டுப் போறேன், அந்த சீன் வரும்போது அவகிட்ட சொல்லிடுவேன், இருட்டுல முகம் தெரியாதுல்ல, அப்ப சொல்றது சுலபம்னாரு."

கருத்தக்காவின் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. எதிரே நின்று பாப்கார்ன் வாங்கிக்கொண்டிருந்த ஒருத்தி திரும்பிப் பார்த்தாள்.

"சொன்னாரா அண்ணி?"

"இல்ல."

"நான் சொல்லிட்டாருன்னுதான் நெனச்சேன். சாவு வீட்டுல வந்து பாத்தா, சிரிச்சுக்கிட்டே போனாருன்னு நீங்க எல்லார்கிட்டயும் சொல்றீங்க. எனக்கு ஒரே குழப்பம். ஆனா அது கேக்க நல்லா இருந்துச்சு அண்ணி. எங்கண்ணன் சிரிச்சுக்கிட்டே போனாருன்னா எனக்கும் அது வேணுமா இருந்துச்சு. எதுக்கு அதைக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

"நான்தான் விடல" என்றாள் கருத்தக்கா. "அவரு சொல்ல வந்தப்ப நான்தான் அடக்கினேன். சிரிக்கறாருன்னு நெனச்சுக் கிள்ளினேன்." இதை அவள் இதுவரை ஒரு உயிரிடமும் சொன்னதில்லை. மகளிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னதும் அழுகை வந்துவிட்டது. முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. காட்சிக்கு வந்த ஜனங்கள் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். யாரோ இரண்டு பேர் அவளைப் பார்த்து, போனில் ஏதோ ஜோக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துப் புன்னகை செய்துவிட்டுப் போனார்கள்.

நாத்தனார் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அண்ணி, அன்னைக்கு அவரு சொல்லியிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

அதனால என்னங்க, எந்த வேலையும் கேவலமில்ல என்று சொல்லியிருப்பேன். அப்படிச் சொல்லத்தான் கருத்தக்கா வாயெடுத்தாள். நல்ல பதில். படிவத்தில் எழுதிக் கொடுக்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் நல்ல பதிலாக எழுதுவார்கள், அவற்றை அவள் நம்பியதே கிடையாது. அன்றைக்கு இருந்த தன்னை நினைத்துப் பார்த்தாள். முப்பத்திரண்டு வயசு. என் மாமனார் சூப்பர்வைசர் என்று மகளின் பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்தவள். பக்கத்து வீட்டுக்காரி வாட்ச்மேன் மகள் என்று தெரிந்ததும் அவள் வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டவள்.

"பொண்ணுக்குத் தெரிய வேணாங்கன்னு சொல்லியிருப்பேன்" என்றாள். "எங்க வீட்டுலயும் யாருக்கும் தெரிய வேணாம், நமக்குள்ளயே இருக்கட்டும்னு சொல்லியிருப்பேன். மாமா போட்டோவை உள் ரூமுக்கு மாத்தியிருப்பேன். அப்படித்தாம்மா சொல்லியிருப்பேன். நான் அவ்வளவுதான்."

"ஆமா அண்ணி" என்றாள் நாத்தனார். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. "அவ அப்படித்தான் சொல்லுவான்னு அண்ணனே சொன்னாரு. பொண்ணுக்குத் தெரியக் கூடாதும்பான்னு சொல்லி லேசா சிரிச்சாரு. அப்ப ஏண்ணா சொல்றேன்னு கேட்டேன். பரவால்ல, ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவா, மூணாம் நாள் எங்கப்பாவைப் பத்தி அவளே கேக்க ஆரம்பிச்சுடுவா, அவகிட்ட சொன்னாத்தான் எனக்குச் சொன்ன மாதிரி இருக்கும்னாரு."

மேனேஜர் கதவருகில் வந்து நின்று, படம் போடப் போகிறார்கள் என்று கையைக் காட்டினான். கருத்தக்கா அவனைப் பார்த்து, போ, இன்றைக்கு நான் வரவில்லை என்று சைகை செய்தாள். பிறகு போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"உங்கப்பா எப்படி இருப்பாரு?" என்று கேட்டாள். "குள்ளமா? உயரமா? நல்லா பேசுவாரா?"